கல்ட் ஆஃப் எக்ஸ்டஸி: கும்மாளக் கோஷ்டியா, காலத்தைப் பிடித்தவர்களா?

கேள்வி இதுதான்: ஒரு நண்பர் குழு ‘மேஜ்: தி அசென்ஷன்’ என்ற, பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டை ஆடத் தொடங்குகிறது. ஒருவருக்கு அதில் கல்ட் ஆஃப் எக்ஸ்டஸி என்ற மரபைச் சேர்ந்த மந்திரவாதியாக ஆட ஆசை. மற்றவர்களோ, “அது குடியும் கூத்தும்தானே, வாராவாரம் உன் ஆளைத் தண்ணி தெளிச்சு எழுப்புறதே எங்க பொழப்பாயிடும்” என்று கிண்டல் செய்கிறார்கள். அந்த மரபில் அதற்கு மேல் விஷயம் உண்டா? உண்டென்றால் அதை ஒழுங்காக எப்படி ஆடுவது?

உண்டு. அந்த விளையாட்டின் ஒன்பது மரபுகளில் மிக அதிகமாகத் தப்பாகப் புரிந்துகொள்ளப்பட்டது இதுதான். கிண்டல் செய்பவர்கள் மேல் முழுப் பழியும் போட முடியாது. பெயர் அப்படி, பழைய புத்தகங்களின் படங்கள் அப்படி. ஆனால் பாத்திரத் தாளில் இவர்களுக்கென்று ஒதுக்கிய மந்திரத் துறை எது என்று பாருங்கள். இன்பம் இல்லை, உடல் இல்லை, மனம்கூட இல்லை. காலம். அதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்துவிடும்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்காக வேகமாக ஒரு முன்கதை. வைட் வுல்ஃப் என்ற அமெரிக்க நிறுவனம் 1991இல் ரத்தக்காட்டேரிகளை வைத்தும் 1992இல் ஓநாய் மனிதர்களை வைத்தும் மேசை விளையாட்டுகளை வெளியிட்டது. 1993இல் வந்தது மேஜ். பத்து முகப் பகடைகள், ஒரு கதைசொல்லி, நாலைந்து ஆட்டக்காரர்கள். இதன் உலகத்தில் யதார்த்தம் என்பது பெரும்பான்மை மக்கள் நம்புவதன் கூட்டுத்தொகை. விமானம் பறப்பது எல்லோரும் அது பறக்கும் என்று நம்புவதால். கம்பளம் பறக்காதது யாரும் நம்பாததால். விழிப்படைந்த மந்திரவாதி தன் நம்பிக்கையை உலகத்தின் மேல் ஏற்றி அதை வளைக்கிறான். அளவு மீறி, ஊர் பார்க்க வளைத்தால் யதார்த்தம் திருப்பி அடிக்கும். அந்த அடிக்குப் பெயர் பாரடாக்ஸ். எதிரிகள் டெக்னோக்ரசி: விஞ்ஞானத்தை ஒரே யதார்த்தமாக நிறுத்தப் பார்க்கும் அமைப்பு. அவர்களுக்கு எதிராக ஒன்பது மரபுகள் சேர்ந்த ஒரு சபை. ஒவ்வொரு மரபுக்கும் ஒரு துறையில் ஆசனம் உண்டு. ஆர்டர் ஆஃப் ஹெர்மிஸுக்கு ஆற்றல்கள், வெர்பெனாவுக்கு உயிர், யூதனாடோஸுக்கு அழிவும் விதியும். கல்ட் ஆஃப் எக்ஸ்டஸிக்குக் காலம். அந்தக் கற்பனை வரலாற்றில் அவர்களுடைய பழைய பெயரே ‘க்ரோனோஸின் தீர்க்கதரிசிகள்’ என்பதுதான்.

சரி, கூத்தாடுகிறவர்கள் கையில் எதற்குக் காலம்?

கொஞ்சம் யோசித்தால் இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடையாது. வங்கி வரிசையில் நிற்கும் பத்து நிமிடமும் காதலியோடு பேசும் பத்து நிமிடமும் கடிகாரத்துக்கு ஒன்று, நமக்கு ஒன்றில்லை. வலி நேரத்தை இழுக்கும். இசையில் மூழ்கினால் நேரம் காணாமல் போகும். பல்டி அடித்து விழுகிற வண்டியிலிருந்து பிழைத்தவர் எல்லாம் மெதுவாக நடந்ததாகச் சொல்வார். ஆக, உணர்ச்சியைக் கூட்டிக் குறைக்கத் தெரிந்தவனுக்கு அவனளவில் காலம் ஏற்கெனவே வளைகிறது. மேஜ் கேட்பதெல்லாம், ‘அவனளவில்’ என்ற அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதுதான்.

இதற்கு நிஜ உலகில் ஒரு அழகான பரிசோதனை இருக்கிறது. டேவிட் ஈகிள்மன் என்ற நரம்பியலாளரும் அவர் குழுவும் 2007இல் வெளியிட்டது. ஆட்களை 31 மீட்டர் உயரத்திலிருந்து மல்லாக்க, கயிறு எதுவும் இல்லாமல், கீழே கட்டிய வலையில் விழவிட்டார்கள். விழுந்தவர்களைக் கேட்டால், மற்றவர்கள் விழ எடுத்த நேரத்தைவிடத் தாங்கள் விழ எடுத்தது சராசரியாக 36 சதவீதம் அதிகம் என்று மதிப்பிட்டார்கள். ஆனால் அவர்கள் மணிக்கட்டில் வேகவேகமாக மாறும் எண்களைக் காட்டும் ஒரு கருவியும் கட்டியிருந்தது. நேரம் நிஜமாகவே மெதுவாகியிருந்தால் சாதாரணமாகப் படிக்க முடியாத அந்த எண்களைப் படித்திருக்க வேண்டும். யாராலும் படிக்க முடியவில்லை. பயத்தில் நினைவு அடர்த்தியாகப் பதிகிறது, பிறகு திரும்பிப் பார்க்கும்போது நீளமாகத் தெரிகிறது என்பது அவர்கள் முடிவு.

எக்ஸ்டாடிக் (இந்த மரபுக்காரர்) ஒருவருக்கும் டெக்னோக்ரசி ஆள் ஒருவருக்கும் நடக்கும் வாக்குவாதத்தை எழுத வேண்டுமென்றால் இந்த ஒரு பரிசோதனை போதும். டெக்னோக்ரசிக்காரர் சொல்வார்: பார், எண்ணைப் படிக்க முடியவில்லை, ஆக எல்லாம் மாயை. எக்ஸ்டாடிக் சொல்வார்: நான் அந்த எண்ணைப் படித்துவிட்டுத்தான் உன்னிடம் வந்திருக்கிறேன்.

விதிகளில் இது எப்படி வருகிறதென்று பார்த்துவிடலாம். காலத் துறையில் ஐந்து படிகள். முதல் படியில் நேரத்தைத் துல்லியமாக உணரலாம், யாராவது காலத்தில் கைவைத்தால் தெரியும். இரண்டாம் படியில் நடந்ததையும் நடக்கக்கூடியதையும் எட்டிப் பார்க்கலாம். மூன்றாம் படியில் வேகமாக்கவும் மெதுவாக்கவும் முடியும். சண்டையில் எல்லோருக்கும் இதன் மேல்தான் கண். நான்காம் படியில் நிறுத்தி வைக்கலாம், ஒரு மந்திரத்தை முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டுப் பிறகு அவிழ்க்கலாம். ஐந்தாம் படியில் காலப் பயணம், அதுவும் பின்னால் போவது மகா சிரமம். புதிய ஆட்டக்காரர்கள் நேராக மூன்றாம் படிக்குப் பாய்வார்கள். என் அபிப்பிராயத்தில் கதைக்கு அதிகம் தீனி போடுவது இரண்டாம் படி. வேகமாக அடிக்கிற மந்திரவாதி எல்லா விளையாட்டிலும் இருக்கிறான். ஒரு அறைக்குள் நுழைந்ததும் நேற்று அங்கே யார் அழுதார்கள் என்று தெரிந்துவிடுகிற ஆள் எத்தனை விளையாட்டில் கிடைப்பான்?

இந்த மரபின் உள்ளே ஒரு கருத்து உண்டு: லகாஷிம். பிரபஞ்சத்தின் நாடித்துடிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லா உயிரிலும் எல்லாப் பொருளிலும் ஓடுகிற ஒரே லயம். அன்றாட வாழ்க்கை நம் காதை அடைத்துவிடுவதால் அது கேட்பதில்லை. தீவிரமான ஓர் அனுபவம் அடைப்பை உடைக்கிறது, ஒரு நொடி அந்தத் துடிப்பு கேட்கிறது. அந்த நொடியில் இருந்துகொண்டு உலகத்தைத் தொட்டால் அது மந்திரம். இன்பம் எங்கே வருகிறது? அடைப்பை உடைக்கிற சுத்தியல்களில் ஒன்றாக மட்டும். வலி இன்னொன்று. பட்டினி, தூக்கமின்மை, தாளம், காமம், துக்கம், உயரம், குளிர், முழு மௌனம் எல்லாமே அந்தப் பட்டியலில் வரும்.

மௌனத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அமெரிக்காவில் ஜான் லில்லி என்ற நரம்பியலாளர் 1954இல் ஒருவரை இருட்டில், உடல் சூட்டுக்கு ஈடான நீரில் மிதக்கவிடும் தொட்டியை உருவாக்கினார். வெளியிலிருந்து எதுவும் வராவிட்டால் மனம் தூங்கிவிடுமா என்று பார்ப்பது நோக்கம். தூங்கவில்லை, தானே காட்சிகளைப் படைக்கத் தொடங்கியது. புலன்களை முழுக்கப் பட்டினி போட்டு அந்த வழியாகப் போகிற ஒரு எக்ஸ்டாடிக்கை ஆடிப் பாருங்கள். கிளப் விளக்கு, சாராயம், எதுவும் வேண்டாம்.

இப்போது போதைக்கு வருகிறேன், அதைத் தாண்டிப் போக முடியாது. முதல் புத்தகங்கள் தொண்ணூறுகளின் ரேவ் விருந்துக் காலத்தில் எழுதப்பட்டவை. மரபின் பெயரும் அந்தக் காலத்து மாத்திரையின் தெருப்பெயரும் ஒன்றாக இருந்ததை யாரும் கவனிக்காமல் விட்டிருக்க மாட்டார்கள். 1996இல் இந்த மரபுக்கென்று தனிப் புத்தகமே வந்தது, 2001இல் திருத்திய பதிப்புக்கு இன்னொன்று. போதைப்பொருள் இவர்கள் கருவிகளில் ஒன்று என்று விதிகள் அனுமதிக்கின்றன, மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் விளையாட்டாகப் பார்த்தாலே அது சோம்பேறித்தனமான தேர்வு. மேஜில் கருவி என்பது ஊன்றுகோல். அரெட்டே என்கிற ஞான அளவு ஏற ஏற மந்திரவாதி தன் கருவிகளை ஒவ்வொன்றாகக் கீழே வைக்கிறான். வெறும் கையோடு நிற்பதுதான் பயணம். மாத்திரை போட்டால்தான் வேலை செய்யும் என்றிருப்பவன் அந்தப் பயணத்தில் எங்கே நிற்கிறான்? அவனை ஆடவே கூடாது என்று சொல்லவில்லை. அடிமையாகிப்போன எக்ஸ்டாடிக் அருமையான பாத்திரம், சோகமான பாத்திரம். ஆனால் அவன் அந்த மரபின் உதாரணம் ஆக மாட்டான். அந்த மரபு தன் இளையவர்களுக்குக் காட்டிப் பயமுறுத்துகிற ஆள்.

இங்கேதான் கிண்டல் செய்கிற நண்பர்கள் கவனிக்காத பகுதி வருகிறது. இவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு: ஆனந்தாவின் நெறி. அடுத்தவரின் வேட்கையை மிதிக்காதே என்பது அதன் நடுத்தூண். உன் உணர்ச்சி புனிதம் என்றால் அவருடையதும் புனிதம். அவர் விருப்பமில்லாமல் அவரைத் தொடுவதும், மயக்குவதும், அவர் மனத்தைத் திருகுவதும் இந்த மரபில் பெருங்குற்றம். ‘எதுவும் செய்யலாம்’ என்கிற கூட்டத்துக்கு இவ்வளவு கறாரான சட்டம் எதற்கு என்றால், அவர்கள் அப்படிப்பட்ட கூட்டம் இல்லை என்பதுதான் பதில். கதவைத் திறந்து வைத்திருக்கிற வீட்டுக்குத்தான் நல்ல நாய் வேண்டும்.

ஆகவே உங்கள் குழுவில் யாராவது, “என் ஆள் எக்ஸ்டாடிக், அதனால பார்ல இருக்கிற எல்லாரையும் மந்திரத்தால வசியம் பண்றான்” என்று ஆரம்பித்தால், விதிப்புத்தகத்தை எடுத்துக் காட்ட வேண்டியதில்லை. அவர் மரபின் மூத்தவர் ஒருவரை அடுத்த காட்சியில் கதவைத் தட்டவிடுங்கள்.

ஒழுக்கத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம், ஏனென்றால் மரபின் உயிர் அங்கேதான். உலகத்தில் நிஜமாகப் பரவசத்தை வழியாகக் கொண்ட மரபுகளைப் பாருங்கள். பரவசம் கொஞ்ச நேரம், தயாரிப்பு மலைபோல. துருக்கியின் கோன்யா நகரத்து மெவ்லவி தர்வேஷ்கள் என்ற சூஃபி துறவிகள் சுழன்று ஆடுவதை எல்லோரும் படத்தில் பார்த்திருப்போம். பழைய முறைப்படி அந்த வட்டத்துக்குள் சேர வருகிறவர் 1001 நாள் பணிவிடை செய்ய வேண்டும், அதில் பெரும்பகுதி சமையற்கட்டில். ஆயிரம் நாள் அண்டா தேய்த்த பிறகுதான் அந்த வெள்ளை அங்கி.

நம் வாசகர்களுக்கு இது புதிதே இல்லை. காவடி எடுப்பவரைப் பக்கத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அலகு குத்துவது சில நிமிட வேலை, அதற்கு முன்னால் விரதம் இருக்கிறது. ஒரு மண்டலம் என்று 48 நாள் இருப்பவர்கள் உண்டு. ஒருவேளைச் சோறு, தரையில் படுக்கை, வீட்டிலும் பேச்சைக் குறைத்துக்கொள்வது. அன்றைக்குக் காலையில் மேளம் ஏறும், திருநீறு, எலுமிச்சை, சுற்றி நின்று “வேல் வேல்” என்று உறவினர் எழுப்பும் சத்தம். கண் ஒரு மாதிரி நிலைகுத்தும். அப்போதுதான் வேல் கன்னத்தில் இறங்கும். யாரும் போதையில் இல்லை. போதையில் வந்தால் குருசாமி கிட்டேயே சேர்க்க மாட்டார்.

இதை ஆய்வாகவும் செய்திருக்கிறார்கள். டிமிட்ரிஸ் சிகலாடாஸ் என்ற மானிடவியலாளர் மொரிஷியஸில் தமிழ் வம்சாவளியினரின் தைப்பூசக் காவடியைப் பல வருடமாகக் கவனித்தவர். 2013இல் வெளியான ஆய்வில், காவடி முடித்து வந்தவர்களுக்குப் பணம் கொடுத்து, கோயிலுக்கு விருப்பம்போல் நன்கொடை போடச் சொன்னார்கள். கூட்டுப் பிரார்த்தனையில் மட்டும் கலந்துகொண்டவர்களைவிடக் காவடியோடு போனவர்கள் அதிகம் கொடுத்தார்கள். வலியை அதிகமாக உணர்ந்தவர் அதிகம் கொடுத்தார். அலகு குத்தாமல் கூடவே நடந்தவர்களும் கொடுத்தார்கள் என்பதுதான் எனக்கு சுவாரசியமான இடம்.

ஸ்பெயினில் சான் பெட்ரோ மான்ரிக்கே என்ற ஊரில் ஜூன் 23 இரவு தீ மிதிப்பார்கள், பலர் முதுகில் ஒருவரைச் சுமந்துகொண்டு. அங்கே இதயத்துடிப்பை அளந்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், தீயில் நடப்பவரின் துடிப்பும் ஓரமாக உட்கார்ந்து பார்க்கும் அவர் உறவினர் துடிப்பும் ஒரே மாதிரி ஏறி இறங்கின. வேடிக்கை பார்க்க வந்த வெளியூர்க்காரர்களுக்கு அப்படி இல்லை. லகாஷிம் என்று மேஜ் புத்தகம் எழுதியவர்கள் 1990களில் கற்பனையாகச் சொன்னதற்கு இவ்வளவு பக்கத்தில் ஒரு வரைபடம் கிடைக்கும் என்று அவர்களே எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். உங்கள் கதையில் எக்ஸ்டாடிக் தனியாக மந்திரம் செய்வதைவிடத் தன் கூட்டாளிகள் நடுவில் செய்யும்போது வலு கூடுகிறது என்று காட்ட இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

பெயர் விவகாரத்தையும் சொல்லிவிடுகிறேன். 2015இல் வந்த இருபதாம் ஆண்டுப் பதிப்பில் இந்த மரபின் பெயரை சஹஜியா என்று மாற்றினார்கள். ‘கல்ட்’ என்றால் இன்று ஆளைப் பிடித்து அடைத்துவைக்கிற கும்பல் என்று அர்த்தமாகிவிட்டதால் மாற்றத்துக்குக் காரணம் புரிகிறது. ஆனால் சஹஜியா நிஜமான ஒன்று. வங்காளத்துப் பௌத்த சித்தர்களிடமிருந்து ஒரு கிளை. அவர்களுடைய சர்யாப் பாடல்களின் சுவடியை ஹரப்பிரசாத் சாஸ்திரி 1907இல் நேபாள அரண்மனை நூலகத்தில் கண்டெடுத்தார். பின்னாளில் வைணவச் சஹஜியா என்று இன்னொரு கிளை, ராதை கண்ணன் காதலைத் தன் உடலிலேயே அனுபவமாக்கப் பார்த்தது. வங்காளத்து நாடோடிப் பாடகர்களான பாவுல்களுக்கும் இந்தப் பக்கத்தோடு ஆழமான உறவு உண்டு. இது குருவிடம் ரகசியமாகப் பெற்று மூச்சையும் உடலையும் வருடக்கணக்காகக் கட்டுப்படுத்திச் செய்கிற சாதனை. ஒரு அமெரிக்க விளையாட்டு அந்தப் பெயரை உலகத்துப் பரவசக்காரர்கள் எல்லோருக்குமான பலகையாக மாட்டியது எனக்குப் பிடிக்கவில்லை. உட்பிரிவுகளிலும் அதே கதைதான். அகோரி என்று ஒரு பிரிவு, விராத்தியர் என்று ஒன்று, மதுக் கடவுள் டயோனிசஸை வெறியாட்டத்தோடு வழிபட்ட கிரேக்கத்து மேனாட் பெண்கள் பெயரில் ஒன்று. காசியில் அகோரிகளின் கினாராம் மடத்துக்குப் போய்வந்த ஒருவர் அந்த அகோரிப் பக்கத்தைப் படித்தால் தலையில் அடித்துக்கொள்வார். நான் எங்கள் குழுவில் பழைய பெயரையே பயன்படுத்துகிறேன். அது அசட்டுப் பெயர்தான், ஆனால் யாருடைய வீட்டிலிருந்தும் எடுத்ததில்லை.

அப்புறம், பாத்திரம் உருவாக்குவது. ஆட்டக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘உன் ஆளுக்கு எது பிடிக்கும்’ என்பதில்லை. ‘உன் ஆள் எந்த இடத்தில் தாங்க முடியாமல் நின்றுவிடுவான், அதற்கு அந்தப் பக்கம் என்ன இருந்தது’ என்று கேளுங்கள். விழிப்பு அந்தக் கோட்டைத் தாண்டும்போது நடந்திருக்கும். அதே கோடுதான் அவனுடைய மந்திரமும்.

எங்கள் மேசையில் ஒருவர் ஆடியது ரூத் என்ற பாத்திரம். கதை நடந்த ஊர் சிகாகோ. ரூத் நெடுந்தூர ஓட்டக்காரி. குடிக்க மாட்டாள், கிளப்புக்குப் போக மாட்டாள், இரவு ஒன்பது மணிக்குத் தூங்கிவிடுகிற ஆள். மற்ற பாத்திரங்கள் பல வாரம் அவளை ஆர்டர் ஆஃப் ஹெர்மிஸ் என்றே நினைத்துக்கொண்டிருந்தன. அவள் தோழன் ஒருவன் மிச்சிகன் ஏரிக்கரைப் பாதையில் காலை ஓட்டத்தின்போது காணாமல் போகிறான். ரூத் செய்தது இது: அவன் கிளம்பிய அதே நேரம், பிப்ரவரி இருட்டில், வெறும் வயிற்றோடு, அதே பாதையில் ஓடத் தொடங்கினாள். அந்தப் பாதை ஏறக்குறைய 29 கிலோமீட்டர். நெடுந்தூரம் ஓடியவர்களுக்குத் தெரியும், சுமார் 30 கிலோமீட்டர் வாக்கில் உடலில் சேர்த்துவைத்த சர்க்கரை தீர்ந்து ஆளைச் சுவரில் மோதியதுபோல நிறுத்திவிடும். பட்டினியில் ஓடினால் அதற்கு முன்பே. அவள் போய் நிற்க விரும்பியது சரியாக அந்தச் சுவரில்தான்.

விதிப்படி இது காலம், இரண்டாம் படி. யார் கண்ணையும் உறுத்தாத மந்திரம், ஆகவே இலக்கு எண் (பகடையில் அதுவோ அதற்கு மேலோ விழுந்தால் ஒரு வெற்றி) படி இரண்டோடு மூன்றைக் கூட்டி ஐந்து. ரூத்தின் அரெட்டே இரண்டு, ஆகவே உருட்ட இரண்டே இரண்டு பகடை. ஒரு மணி நேர ஓட்டத்துக்கு ஒரு உருட்டல் என்று வைத்தேன். முதல் உருட்டலில் ஒரு வெற்றி. “மூச்சு நாலு எட்டுக்கு ஒண்ணு, காது மடல் மரத்துப்போச்சு” என்றார் ஆட்டக்காரர். இரண்டாவதில் இன்னொன்று. மூன்றாவதில் இரண்டு பகடையும் விழுந்தன: ஒரு 3, ஒரு 2. கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது, அடுத்த உருட்டலுக்கு இலக்கு ஆறாக ஏறியது. அங்கேயே நிறுத்தி இருக்கிற இரண்டு வெற்றியோடு மங்கலாக ஏதாவது பார்த்துவிட்டுப் போயிருக்கலாம். அவர் நிறுத்தவில்லை. நொண்டிக்கொண்டே போனார். கடைசி உருட்டல் 8, 9. மற்ற மூன்று பேரும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்கள்.

ரூத் பார்த்தது என்ன என்பது நீளமான கதை, இங்கே வேண்டாம். சொல்ல வந்தது என்னவென்றால், அந்த அரை மணி நேரத்தில் யாரும் ‘நான் மந்திரம் போடுகிறேன்’ என்று சொல்லவில்லை. பகடையும் உடம்பும் ஒரே வேலையைச் செய்தன. இந்த மரபு கையில் வந்துவிட்டது என்று அப்போதுதான் சொல்லலாம்.

ஓட்டம் வேண்டாமென்றால் சமையல்காரர் ஒருவரை யோசியுங்கள். மிளகாயில் இருக்கும் கேப்சைசின் நாக்கைச் சுடுவதில்லை. உடம்பில் சுமார் 43 டிகிரிக்கு மேல் சூட்டை உணர்த்தும் ஒரு ஏற்பி இருக்கிறது. கேப்சைசின் போய் அதே ஏற்பியைத் தட்டுகிறது. டேவிட் ஜூலியஸ் 1997இல் அதை அடையாளம் கண்டார், 2021இல் நோபல் பரிசு பெற்றார். எரியாத ஒன்றை எரிகிறது என்று உடம்பு முழுமையாக நம்பி, வியர்த்து, கண்ணீர் விடுகிறது. யதார்த்தம் நம்பிக்கையால் ஆனது என்று சொல்லும் ஒரு உலகத்தில், இதைத் தினமும் தட்டில் வைத்துப் பரிமாறுகிற ஆளுக்கு வேறு சித்தாந்தமே வேண்டாம்.

கதைசொல்லிக்குச் சில வார்த்தைகள். எக்ஸ்டாடிக்குக்குக் கருவி என்றால் செலவு. ஹெர்மிஸ் மந்திரவாதி தன் கோலை மறந்துவிட்டு வந்தால் கோபப்படுவான், அவ்வளவுதான். எக்ஸ்டாடிக்குக்குக் கருவி அவனுடைய உடம்பு. நேற்று வலித்தது இன்று பழகிவிடும். அதே தீவிரம் கிடைக்க நாளைக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும். இந்தச் சரிவைக் கதையில் காட்டுங்கள். எப்போது கூட்டுவது, எப்போது கருவியையே மாற்றுவது, எப்போது கீழே வைப்பது என்பது அந்தப் பாத்திரத்தின் நீண்ட கதை. வெளிப்படையாகக் காலத்தை வளைத்தால் பாரடாக்ஸ் சேரும், மந்திரம் பலித்தாலும் சேரும். அந்த அடியையும் உடம்பு வழியாகவே கொடுங்கள்: ஒரு நாள் முழுக்க ருசி தெரியாமல் போவது, அரை நொடி தாமதமாகக் கேட்கிற காது, தொடப்பட்ட பிறகு தொடுதல் வந்து சேர்வது. இவர்களுக்கு இதைவிடக் கொடுமையான தண்டனை கிடையாது. வானத்திலிருந்து இடி விழுந்தால்கூட ஒரு அனுபவம் என்று ரசிப்பார்கள்.

டெக்னோக்ரசியில் ஐந்து பிரிவுகள் இருந்தாலும் இவர்களுக்கு எதிராக நிறுத்த சிண்டிகேட்தான் சரி என்பது என் கணிப்பு. பணமும் ஆசையும் அவர்கள் கையில். அவர்கள் பரவசத்தைத் தடை செய்ய மாட்டார்கள். சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி, மாதச் சந்தாவுக்கு விற்பார்கள். எக்ஸ்டாடிக்குக்கு வயிற்றெரிச்சல் வர இது போதும்.

மேசையில் உட்காருவதற்கு முன்னால் ஒரு பேச்சு அவசியம். காமம், சுயவதை, போதை, மயக்கம் எல்லாம் இந்த மரபின் எல்லைக்குள் வருகிறது. உங்கள் நண்பர்களில் யாருக்கு எது நிஜ வாழ்க்கையில் பட்ட காயம் என்று உங்களுக்குத் தெரியாது. எது வேண்டாம், எது திரைமறைவில் நடக்கலாம் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஜான் ஸ்டாவ்ரோபோலோஸ் கொண்டுவந்த எக்ஸ் கார்டு முறை எளிது: மேசை நடுவில் ஒரு அட்டை, யார் தொட்டாலும் அந்தக் காட்சி மறுபேச்சில்லாமல் நின்றுவிடும். நெறியைப் பாத்திரங்களுக்கு மட்டும் வைத்துவிட்டு ஆட்டக்காரர்களை விட்டுவிட்டால் அது நன்றாக இராது. காவடி, சாமியாட்டம் போன்றவற்றை உங்கள் கதைக்குள் கொண்டுவருவதாக இருந்தாலும் அதே பேச்சில் கேளுங்கள். மேசையில் ஒருவருடைய அப்பா ஒவ்வொரு வருடமும் பழனிக்கு நடப்பவராக இருக்கலாம்.

எந்தப் பதிப்பு என்று கேட்டால்: விதிகளுக்கு இருபதாம் ஆண்டுப் பதிப்பு. ஏறக்குறைய 700 பக்கம், பயப்பட வேண்டாம். ஆட்டக்காரர் மரபுகள் பற்றிய அத்தியாயத்தையும், மந்திரம் எந்த நம்பிக்கையில் எந்தப் பழக்கத்தில் எந்தக் கருவியில் நடக்கிறது என்று விளக்கும் பகுதியையும் படித்தால் தொடங்கிவிடலாம். 1996 புத்தகம் வாசிக்கக் குதூகலமானது, ஆனால் அதன் காலத்து அசட்டுத்தனங்களோடு சேர்த்து. 2001 புத்தகம் கொஞ்சம் வளர்ந்த எழுத்து, உட்பிரிவுகள் அதில்தான் விரிவாகக் கிடைக்கும். ஒரே ஒரு புத்தகத்துக்குத்தான் காசு இருக்கிறது என்றால் இருபதாம் ஆண்டுப் பதிப்பை வாங்கிக்கொண்டு, கிண்டல் செய்த நண்பரிடமே எக்ஸ்டாடிக் பாத்திரத்தைக் கொடுத்துப் பாருங்கள்.